விலையில்லாக் குருதியின் விலை

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 14ஆம் திகதி உலக இரத்ததான தினம் வருகிறது. ஏ, பி, ஓ என்ற குருதி வகைகளை 1901 இல் உலகுக்கு அறிவித்த கார்ல் லான்ட்ஸ்ரைனர் பிறந்த நாள் அது. அன்றைய பத்திரிகைச் செய்திகளை ஆண்டுதோறும் செப்பனிட்டவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லலாம். 'தானத்திற் சிறந்தது இரத்ததானம்' என்ற வாசகம் தவறாது இடம்பெறும். ஆனால், குருதியை ஏன் விலைக்கு வாங்கக்கூடாது என்பதற்கான காரணம் பெரும்பாலும் இடம்பெறாது. புண்ணியம் என்பதோடு விளக்கம் முடிந்துவிடும். உண்மையான காரணத்தை அறிய வரலாற்றைப் புரட்டவேண்டும்.

1921 ஒக்டோபரில் லண்டன் கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலையிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் கம்பவெல் கிளைக்கு ஓர் அவசர வேண்டுகோள் வந்தது. நோயாளி ஒருவருக்கு உடனடியாகக் குருதி வேண்டும். கிளையின் செயலாளர் பேர்சி ஒலிவர் சில தொண்டர்களை அழைத்துக்கொண்டு சென்றார். லின்ஸ்டெட் என்ற தாதியின் குருதி பொருந்தியது. இந்நிகழ்ச்சிக்குப் பின்னர் ஒலிவரும் அவரது மனைவியும் தம் வீட்டிலிருந்தே ஒரு பெயர்ப்பட்டியலைப் பேணத் தொடங்கினர். அழைத்தபோது வருவதற்குச் சம்மதித்தவர்களின் பட்டியல் அது. கொடுத்தவருக்குக் கூலி கிடையாது. இன்றைய தொண்டர் குருதிச் சேவைகளின் முன்னோடி இதுவே.

அமெரிக்காவிலோ பல நகரங்களில் குருதி பணத்துக்கு வாங்கப்பட்டது. இவ்விரு முறைகளையும் ஒப்பிட்டு 1970 இல் ஒரு நூல் எழுதினார் லண்டன் பேராசிரியர் றிச்சட் ரிற்மஸ். காசுக்கு விற்கப்படும் குருதி மனித உறவைக் கெடுக்கிறது என்பது அவர் வாதத்தின் ஒரு பாதி. அக்குருதி ஏற்றப்பட்டவர்களிடையே ஈரல் அழற்சி நோய் அதிகம் பரவுகிறது என்பது மறுபாதி. பொருளியலறிஞர் கெனத் அரோ 1972 இல் இந்நூலை விரிவாக விமர்சித்தார். சந்தையும் தானமும் அருகருகே இருந்தால் தானம் ஏன் குறையவேண்டும் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நோய் பற்றிய பாதி அவ்வளவு எளிதில் தள்ளக்கூடியதாக இருக்கவில்லை.

காரணம் மிக எளியது. குருதி கொடுக்க வருபவரிடம் முதலிற் கேட்கப்படுவன சில கேள்விகள். அண்மையில் நோயுற்றீர்களா? ஊசிமூலம் போதைப்பொருள் ஏற்றினீர்களா? உங்கள் வாழ்க்கைமுறையில் தொற்றுக்கு இடமுண்டா? காசு தேவைப்பட்டு வந்தவர் இக்கேள்விகளுக்கு உண்மை சொன்னால் அன்றைய வருமானம் போய்விடும். தொண்டராக வந்தவருக்கு இழப்பதற்கு எதுவுமில்லை. ஆய்வுகூடப் பரிசோதனை இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். தொற்று ஏற்பட்ட ஆரம்ப நாட்களில் எந்தப் பரிசோதனைக்கும் அது புலப்படாத ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் நோயாளியைக் காப்பது கொடுப்பவரின் நேர்மை மட்டுமே.

1975 இல் உலக சுகாதார மன்றம், ஊதியமற்ற தொண்டர் குருதிக்கொடையை வளர்க்குமாறு அங்கத்துவ நாடுகளைக் கேட்டுக்கொண்டது. 1978 முதல் அமெரிக்காவில் குருதிப் பைகளில் 'கூலி பெற்றவர்' அல்லது 'தொண்டர்' என்று குறிப்பிடவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அதன்பின் வைத்தியசாலைகள் விலைக்கு வாங்கிய குருதியைத் தவிர்க்கத் தொடங்கின.

வரலாற்றின் கொடிய முரண் ரிற்மஸ் போற்றிய பிரித்தானியாவிலேயே நிகழ்ந்தது. குருதி உறையாநோய் உள்ளவர்களுக்குக் 'காரணி 8' என்ற மருந்து தேவை. அதைத் தயாரிக்கப் பல்லாயிரம் பேரின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலப்பார்கள். ஒருவரின் தொற்று முழுத் தொகுதியையும் நஞ்சாக்கிவிடும். உள்நாட்டு உற்பத்தி போதாமையால் 1973 முதல் அமெரிக்க வணிகத் தயாரிப்புகளுக்கு அனுமதி வழங்கப்பட்டது. அவற்றின் மூலப்பொருள் காசுக்கு வாங்கப்பட்டது. சிறைக்கைதிகளிடமிருந்தும் பெறப்பட்டது. விளைவாக, குருதி உறைதற் குறைபாடுள்ள சுமார் 1,250 பேர் எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளாயினர். அவர்களுள் சுமார் 380 பேர் சிறுவர்கள்.

2024 மே 20 அன்று வெளியான சேர் பிரையன் லாங்ஸ்ராஃபின் விசாரணை அறிக்கை, மொத்தம் 30,000 இற்கும் மேற்பட்டோர் தொற்றுக்குள்ளானதாகவும் சுமார் 3,000 பேர் இறந்ததாகவும் கூறுகிறது. இங்கே நாம் நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். இவர்களுட் பெரும்பாலானோர், பிரித்தானியத் தொண்டர்கள் இலவசமாக வழங்கிய குருதியினால் ஹெப்படைற்றிஸ் சி நோய்க்கு ஆளானவர்கள். சிறைகளில் குருதி திரட்டும் வழக்கம் அங்கும் 1984 வரை நீடித்தது. ஹெப்படைற்றிஸ் சி பரிசோதனை 1991 செப்டெம்பரிலேதான் தொடங்கியது. தானம் என்ற பெயர் மட்டும் குருதியைத் தூய்மையாக்காது. யாரிடம் பெறுவது என்ற கவனமும் உரிய காலத்துப் பரிசோதனையும் உடன் வேண்டும்.

நமது அயலுக்கு வருவோம். தொழில்முறையாகக் குருதி விற்பதை ஒழிக்கவேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1996 இல் தீர்ப்பளித்தது. 1998 ஜனவரி 1 முதல் அது தடைசெய்யப்பட்டது. ஆயினும் நோயாளியின் உறவினரே ஆள் தேடிவரும் முறை அங்கு பல இடங்களில் நீடிக்கிறது. தவிக்கும் குடும்பத்துக்கு ஆள் கிடைக்காதபோது, காசு வாங்கியவர் உறவினர் வேடத்தில் வந்துவிடுகிறார்.

இலங்கை 2014 இல் முழுமையான தொண்டர் குருதிக்கொடை என்ற நிலையை எட்டியது. அவ்வாண்டு உலக இரத்ததான தினத்தின் உபசரணை நாடாகவும் இருந்தது. விகாரை, கோயில், தேவாலயம், பள்ளிவாசல், பாடசாலை என்று ஊர்தோறும் நடைபெறும் முகாம்களே இதன் அடித்தளம். எதற்கும் பிரிந்து நின்ற ஒரு நாட்டில் இது சிறிய சாதனையன்று. குருதிப் பையில் வகை எழுதப்பட்டிருக்கும், இனம் எழுதப்பட்டிராது.

2019 ஏப்ரல் 21 ஈஸ்ரர் தாக்குதல்களின்போது நாரஹேன்பிட்டியிலுள்ள தேசிய இரத்த நிலையத்தில் மக்கள் வரிசையாகத் திரண்டனர். மனதை நெகிழ வைத்த காட்சி. ஆயினும் அனர்த்தத்தின் முதல் மணித்தியாலங்களில் உயிர்காப்பது, முன்னரே சோதிக்கப்பட்டுச் சேமிப்பில் உள்ள குருதியேயாகும். செங்குருதிக் கலங்களை ஏறக்குறைய ஆறு வாரங்களே பேணலாம். குருதிச் சிறுதட்டுகள் சில நாட்களே நிற்கும். மாதந்தோறும் குருதி ஏற்றவேண்டிய தலசீமியாச் சிறுவர்கள் குருநாகல் முதலிய இடங்களில் வாழ்கின்றனர். அவர்களின் தேவை எந்தத் தலைப்புச் செய்திக்காகவும் காத்திருப்பதில்லை.

புலம்பெயர்ந்த நாடுகளிலும் ஊரிலும் வாழும் வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இது. நினைவு நாட்களில் மட்டுமன்றிச் சாதாரண நாட்களிலும் கொடுங்கள். கேள்விக்கொத்தை அக்கறையோடு நிரப்புங்கள். சந்தேகமிருந்தால் மறைக்காது சொல்லுங்கள். முகாமுக்கு வந்து, உண்மையைச் சொல்லி, குருதி கொடாமலே திரும்புபவரும் அன்றைக்கு ஓர் உயிரைக் காத்தவர்தான். அவருக்கு நாம் சான்றிதழ் வழங்குவதில்லை. வழங்கினாலும் தகும்.