துவக்கும் துண்டும்: கௌபோய்த் திரைப்படங்களின் கவர்ச்சி பற்றி ஒரு மலையக நோக்கு

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கிலே, சென் மேரிஸ் தேவாலய வளவில், யூலியா மார்கரட் கமரன் என்னும் ஆங்கிலப் பெண்மணியின் கல்லறை உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தலைசிறந்த புகைப்படக் கலைஞருள் ஒருவராக இன்று போற்றப்படும் அவர், 1875இல் தம் கணவருடன் இலங்கை வந்து, 1879 சனவரியில் இம்மலைநாட்டிலேயே காலமானார். கணவர் வேறு யாருமல்லர். கோல்புறூக் - கமரன் ஆணைக்குழு என நம் பாடநூல்கள் கூறும் கமரனே அவர். கோப்பித் தோட்டங்களும் அவருக்கு இருந்தன. அம்மையார் இலங்கையில் எடுத்த படங்களுட் சில தோட்டத் தொழிலாளரைக் காட்டுவன. அவற்றில் முகங்கள் எஞ்சியுள்ளன, பெயர்கள் எஞ்சவில்லை.

அதே காலப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவின் மேற்கில், பிற்காலத் திரைப்படக்காரர் திரும்பத் திரும்ப எடுத்தாளவிருந்த நிகழ்ச்சிகள் நடந்துகொண்டிருந்தன. 1862இல் குடியேறுவோருக்கு இலவசமாக நிலம் வழங்கும் சட்டம் நிறைவேறிற்று. 1869இல் கண்டத்தைக் குறுக்கறுத்த புகையிரதப் பாதை பூர்த்தியாயிற்று. 1876இல் லிட்டில் பிக்ஹோர்ன் ஆற்றங்கரையில் தளபதி கஸ்டரும் அவருடன் நின்ற படையினரும் மாண்டனர். 1881இல் டூம்ஸ்டோன் நகரில், அரை நிமிடமே நீடித்ததாகக் கூறப்படும் துவக்குச் சண்டை நடந்தது. 1890இல் வூண்டட் நீ என்னுமிடத்தில் லகோட்டா மக்கள் கொன்று குவிக்கப்பட்டதோடு அக்காலம் முடிவுற்றது எனலாம். கௌபோய்ப் படம் என நாம் அழைக்கும் படங்களுள் மிகப் பெரும்பாலானவற்றின் கதை இந்த முப்பது ஆண்டுக்குள் அடங்கும்.

நம்மவர் வரலாற்றை இதன் பக்கத்தில் வைத்து நோக்குதல் வேண்டும். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் காட்டையும் தரிசையும் அரசின் உடைமையாக்கிற்று. கண்டிக் கிராமத்தவர் சேனை செய்த மேட்டுநிலம் கோப்பித் துரைமாரின் கைக்குப் போயிற்று. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அமெரிக்கப் புகையிரதப் பாதை பூர்த்தியான அதே 1869இல் இங்கு கோப்பி இலைநோய் தலைகாட்டிற்று. அடுத்த இருபதாண்டுக்குள் கோப்பி இருந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. 1884இல் புகையிரதம் ஹற்றனை எட்டியது. காடழித்தல், பாதை வெட்டுதல், தண்டவாளமிடுதல், முன்னிருந்தோரின் நிலவுரிமையைக் காகிதத்திற் கரைத்தல் ஆகிய யாவும் ஈரிடத்தும் நடந்தன. எல்லைப்புற வரலாறு என்று அமெரிக்கர் பெருமையோடு எழுதுவது நமக்கும் உண்டு. ஆனால் அதில் நாம் குதிரையின்மேல் இருந்தவரல்லர்.

கடுமையும் குருதியும் மிக்க கௌபோய்ப் படங்கள் மலையக இளைஞரை ஏன் கவர்ந்தன என்னும் வினாவை இப்பின்னணியிலேயே அணுகுதல் தகும். அவை இளைஞரைக் கெடுக்கின்றன என்று கூறி முடித்துவிடுவது எளிது. அவ்வாறு கூறுவோர் படத்தையும் உற்றுப் பார்த்தாரல்லர். இளைஞரையும் உற்றுப் பார்த்தாரல்லர்.

பழைய கௌபோய்ப் படத்தில் நியாயம் ஐயத்துக்கு இடமற்றது. 1953இல் வெளிவந்த ‘ஷேன்’ படத்தில் எங்கிருந்தோ வரும் அந்நியன் ஒருவன் ஏழைக் குடியானவரைப் பெரும் பண்ணைக்காரனிடமிருந்து காத்துவிட்டுப் போகிறான். அதற்கு முந்திய ஆண்டின் ‘ஹை நூன்’ படத்திலோ, நகரத்தார் கைவிட்ட காவலதிகாரி வெற்றி பெற்றபின் தன் பதவிச் சின்னத்தை மண்ணில் எறிகிறான். இங்கேயே ஒரு விரிசல் தெரிகிறது. 1956இல் ஜோன் ஃபோர்ட் எடுத்த ‘த சேர்ச்சர்ஸ்’ படத்தில், கடத்தப்பட்ட பெண்ணை நாயகன் ஆண்டுக்கணக்காகத் தேடுவது மீட்பதற்கா, கொல்வதற்கா என்பது இறுதிவரை நமக்குத் தெளிவாவதில்லை. 1964இல் செர்ஜியோ லியோனி என்னும் இத்தாலியர் அவ்விரிசலையே வாசலாக்கினார். ஜப்பானியரான குரோசாவாவின் ‘யொஜிம்போ’ (1961) படத்தைத் தழுவி, ஸ்பெயினின் பொட்டல்வெளிகளில் அவர் எடுத்த ‘எ ஃபிஸ்ற்ஃபுல் ஒஃப் டொலர்ஸ்’ படத்தின் நாயகன் குடியானவரைக் காக்க வந்தவனல்லன், கூலிக்கு வந்தவன். 1968இல் அமெரிக்காவின் பழைய திரைப்பட ஒழுக்க விதிகள் கைவிடப்பட்டன. மறுவருடம் சாம் பெக்கின்பா ‘த வைல்ட் பஞ்ச்’ படத்தில் மனித உடல் குண்டுபட்டுச் சரிவதை மெதுவியக்கத்திற் காட்டினார். வியட்நாம் போரை நாள்தோறும் வீட்டுத் தொலைக்காட்சியிற் கண்டுகொண்டிருந்த மக்களுக்கு எடுக்கப்பட்ட படம் அது என்பதை மறத்தலாகாது.

இப்படங்கள் ஆங்கிலம் அறியாதோரையும் எட்டியதற்கு ஓர் எளிய காரணம் உண்டு: அவற்றிற் பேச்சுக் குறைவு. 1966இன் ‘த குட், த பாட் அண்ட் த அக்லி’ படத்தின் முதற் பத்து நிமிடங்களில் ஒரு சொல்லும் பேசப்படுவதில்லை. லியோனியின் நடிகர் பலரும் தத்தம் மொழியிற் பேசி நடிக்க, குரல் பின்னரே சேர்க்கப்பட்டது. ஆகவே, அப்படங்களுக்குத் தாய்மொழி என்று ஒன்றில்லை. கண், கை, காலடி ஓசை, எனியோ மொரிக்கோனியின் இசை ஆகியனவே பேசும். மொழிபெயர்ப்பு வேண்டாத கலை எங்கும் செல்லும்.

ஆயினும் இது போதிய காரணமாகாது. ஆழ்ந்த காரணம் கணக்கிலே உள்ளது என்பது என் கருத்து. 1965இன் ‘ஃபோர் எ ஃபியூ டொலர்ஸ் மோர்’ படத்தின் முடிவில், தலைக்கு விலை வைக்கப்பட்ட கொள்ளையரின் பிணங்களை வண்டியில் ஏற்றும் நாயகன் ஒவ்வொன்றுக்கும் உரிய தொகையைக் கூட்டிக்கொண்டே வருகிறான். கூட்டுத்தொகை குறைகிறது. குறைந்த அத்தலை இன்னும் உயிரோடு தன் பின்னால் நிற்கிறது என்று உணர்ந்து அவன் திரும்பிச் சுடுகிறான். அரங்கு சிரிக்கும் இடம் இது. பிரட்டுக் களத்தில் ஆள் எண்ணும் கணக்கப்பிள்ளையை அறிந்தோர் அந்தச் சிரிப்பில் வேறொன்றையும் உணர்வர்.

நம் முன்னோரின் தலைக்கும் விலை இருந்தது. அது சுவரில் ஒட்டிய விளம்பரமாக இருக்கவில்லை; ‘துண்டு’ என்னும் சிறு காகிதமாக இருந்தது. இன்னார் இத்தனை ரூபா கடன்பட்டுள்ளார். அதனைச் செலுத்துவோர் அவரை வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பதே அதன் சாரம். துண்டு இன்றி ஒருவர் தோட்டம் மாற முடியாது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் அறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குவதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. பெரியகங்காணிக்கோ வேலைக்கு வந்த ஆளின் எண்ணிக்கைப்படி தலைக்காசு கிடைத்தது. 1921இற்றான் துண்டுமுறை ஒழிந்தது. அமெரிக்க மேற்கில் துவக்குச் செய்த வேலையை இங்கு பெரும்பாலும் பேனா செய்தது எனலாம். பேனாவின் வன்முறைக்கு முகமில்லை. யாரை எதிர்த்து நிற்பது என்று தெரியாது. கௌபோய்ப் படமோ அவ்வன்முறையைத் தெருவின் நடுவிற் கொண்டுவந்து நிறுத்துகிறது. சட்டம் யாருடையது, நிலம் எவ்வாறு கைமாறிற்று, யார் யாருக்குக் கடன்பட்டார் என்பன யாவும் அங்கு இரு மனிதரின் முகங்களில் வெளிப்படையாகத் தெரிகின்றன. தீர்ப்பு நியாயமானதா என்பது வேறு; தீர்ப்பு கண்முன்னே நடக்கிறது என்பதே கவர்ச்சி.

இன்னொன்றும் உண்டு. லியோனியின் நாயகனைப் ‘பெயரில்லா மனிதன்’ என அமெரிக்க விநியோகஸ்தர் விளம்பரம் செய்தனர். (உண்மையில் மூன்று படங்களிலும் அவனை ஏதேனும் ஒரு பெயரால் அழைக்கின்றனர், விளம்பரம் ஆராய்ச்சியன்று.) ஊரும் ஆவணமும் அற்ற அவன் முதன்முதலில் திரையில் தோன்றிய 1964இற்றான், ஒக்டோபர் 30ஆம் நாள், சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்பதாக மனிதர் பங்கிடப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்கள் அவர்கள். எஞ்சியிருந்தோர் யாவர்க்கும் வழிசெய்யும் சட்டம் 2003இற்றான் வந்தது. ஆவணமின்மையால் அலைக்கழிந்த ஒருவனுக்கு, ஆவணமின்மையையே வலிமையாக்கிக்கொண்ட நாயகன் இனிக்காமலிருப்பானா? கனவுதான். ஆனால் கனவுக்கும் வரலாறு உண்டு.

தமிழ்த்திரை இக்கவர்ச்சியை விரைவிலேயே கண்டுகொண்டது. ஒளிப்பதிவாளரான கர்ணன் ஜெய்சங்கரைக் கொண்டு ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’ (1972), ‘ஜக்கம்மா’ (1972) முதலிய படங்களை இயக்கினார். தொப்பியும் குதிரையும் மேற்கிலிருந்து வந்தன. குடும்பப் பாசமும் பழிவாங்கும் சபதமும் நம்முடையவை. படத்தின் பெயர் ஜக்கம்மா என்னும்போதே மேற்கு எவ்வளவு கிழக்காகிவிட்டது என்பது புலனாகும். தெலுங்கில் கிருஷ்ணா நடித்த ‘மோசகாள்ளகு மோசகாடு’ (1971) ராஜஸ்தான் பாலைவனத்திற் படமாயிற்று. 1975இல் வந்த இந்திப் படம் ‘ஷோலே’யின் வரலாறு இவ்விடத்தில் ஊன்றி நோக்கற்பாலது. கைகளை இழந்த தாக்கூர் தன் பகைவனைத் தானே கொல்வதாக எடுக்கப்பட்ட முடிவைத் தணிக்கையாளர் ஏற்கவில்லை. பொலிசார் வந்து பகைவனைக் கைதுசெய்வதாக முடிவு மாற்றப்பட்டது. நெருக்கடிநிலை நடைமுறையிலிருந்த ஆண்டு அது. இறுதிச் சொல் தன்னுடையதாக இருக்கவேண்டும் என்பதில் அரசு கொள்ளும் அக்கறை வியப்புக்குரியதன்று. அண்மையில், 2023இல், கார்த்திக் சுப்புராஜின் ‘ஜிகர்தண்டா டபுள்எக்ஸ்’ கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் மீதான தமிழரின் பழைய மோகத்தையே கதைப்பொருளாக்கி, அதனைப் பழங்குடி மக்களின் காட்டுரிமைப் போரோடு இணைத்தது. நம் கருத்துக்கு மிக அண்மையில் வரும் தமிழ்ப் படம் இதுவே.

கவர்ச்சியைக் கூறியபின் ஐயத்தையும் கூறுதல் கடன். பழைய கௌபோய்ப் படத்தில் ‘இந்தியர்’ கூட்டமாக வருவர், கூட்டமாக வீழ்வர். அவர்க்கு முகமில்லை, வீடில்லை. கொலம்பசின் தவறு ஒன்றால் அம்மக்கள் பெற்ற பெயர் அது. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு முதலாக நம்மையும் ‘இந்தியத் தமிழர்’ என்னும் நிரலில் எழுதினர். இவ்விரு பெயர்களும் ஒத்திருப்பது வெறும் தற்செயல். ஆனால் செவ்விந்தியர் வீழ்கையிற் கைதட்டும் தோட்டத்து இளைஞன் எந்தப் பக்கத்திலிருந்து கைதட்டுகிறான் என்னும் வினா தற்செயலானதன்று. கமெரா எங்கு நிற்கிறதோ அங்கேயே நம் நெஞ்சும் போய் நின்றுவிடுகிறது.

திரைக்கு வெளியே துவக்கு யார் கையில் இருந்தது என்பதை நாம் அறிவோம். 1940 சனவரி 10ஆம் நாள் முல்லோயாத் தோட்டத்தில், சம்பள உயர்வு கோரிய வேலைநிறுத்தத்தின்போது, கோவிந்தன் பொலிசாரின் துவக்குக்குப் பலியானார். 1977 மே 11ஆம் நாள் டெவன் தோட்டத்தில், ஏழாயிரம் ஏக்கர் காணியைப் பிரித்துக்கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து எழுந்த தொழிலாளருள் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு இறந்தார். காணியும் துவக்கும் எதிர்நிற்கும் மக்களும் அமைந்த கதைக்களம் இது. இருவரும் வெறுங்கையர். அவர்களிடம் இடைவாரும் இல்லை, பின்னணி இசையும் இல்லை.

இவ்வுண்மைக்கு நெருங்கி வந்த படம் செர்ஜியோ கொர்புச்சியின் ‘த கிரேட் சைலன்ஸ்’ (1968). பாலைவனத்துக்குப் பதிலாக அங்கு பனிமலை. பசியால் திருடிச் சட்டவிரோதிகளாக்கப்பட்ட ஏழைகளைத் தலைக்காசுக்காக வேட்டையாடுவோர் யாவற்றையும் சட்டப்படியே செய்கின்றனர். பேச்சிழந்த நாயகன் எதிர்நின்று தோற்றுச் சாகிறான், ஏழைகளும் கொல்லப்படுகின்றனர். இம்முடிவு வணிகத்துக்கு ஆகாதென்று, நாயகன் பிழைப்பதாக வேறொரு முடிவையும் இயக்குநர் படமாக்க நேர்ந்தது. ஷோலேயின் கதைக்கும் இதற்கும் உள்ள உறவு வெளிப்படை.

பெண்களைப் பற்றி இப்படங்களிடம் கேட்பதற்கு அதிகமில்லை. கொழுந்து பறிப்போருள் மிகப் பெரும்பாலோர் பெண்களாயுள்ள சமூகத்துக்கு இது சிறு குறையன்று. லியோனியின் படங்களிலும் பெண் பெரும்பாலும் அழுவாள், அன்றேல் துன்புறுத்தப்படுவாள். ‘வன்ஸ் அப்பொன் எ டைம் இன் த வெஸ்ட்’ (1968) மட்டும் ஓரளவுக்கு விலக்கு. அதிலும் அவள் துன்புறுத்தலுக்குத் தப்பவில்லை. ஆயினும் கதை அவளுடைய நிலத்தைப் பற்றியது. நீரூற்றுள்ள அந்நிலத்தின் வழியே புகையிரதம் வரவேண்டும். அதற்காகவே அவளது குடும்பம் கொல்லப்படுகிறது. இறுதியில் வஞ்சந்தீர்த்த நாயகன், இறந்த தோழனின் உடலைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறான். கமெரா அவனைப் பின்தொடர்வதில்லை. தண்டவாளமிடும் தொழிலாளரிடம் அது திரும்புகிறது. குளோடியா கார்டினால் நடித்த அப்பெண் தண்ணீர் எடுத்துக்கொண்டு அவர்களிடையே செல்கிறாள். அவர்கள் குடித்துவிட்டு மீண்டும் வேலைக்குக் குனிகின்றனர்.