அச்சுப் புள்ளியும் விழித்திரைப் புள்ளியும்

உங்கள் வீட்டுச் சுவரில் சிவகாசியில் அச்சான மாதக் காலண்டர் தொங்குகிறதா? ஒரு கைலென்சை எடுத்து அதிலுள்ள படத்தின்மேல் வைத்துப் பாருங்கள். முகமும் பூமாலையும் மறைந்து வெறும் புள்ளிகளே தெரியும். மஞ்சள், மெஜந்தா, சயான், கறுப்பு என்னும் நான்கே மைகள். மற்ற நிறங்களெல்லாம் இந்நான்கின் அளவு வேறுபாட்டால் நம் கண்ணுக்குத் தோன்றுபவை. அளவு சரியாக அமைவது எப்படி? முதலில் ஒரு தாள் புரூப் எடுப்பார்கள். அதை மூலப்படத்தின் அருகே வைத்து ஒப்பிடுவார்கள். முகத்தில் சிவப்பு தூக்கலாக இருந்தால் சற்றுக் குறைப்பார்கள். மறுபடி ஒரு தாள், மறுபடி ஒப்பீடு. பிழையைக் காண்பது, சிறிது திருத்துவது, மீண்டும் பார்ப்பது. இம்மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் நடுவில் தேவைப்படும்.

என் பெரியப்பா இந்த வேலையைத்தான் செய்தார். 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த அய்ய நாடார், சண்முக நாடார் இருவரின் முயற்சியால் சிவகாசிக்குத் தீப்பெட்டி வந்ததும், தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டதும், லேபிளுக்காக அச்சகங்கள் பெருகியதும் நீங்கள் அறிந்த கதைதான். பெரியப்பா வேலைக்குச் சேர்ந்த நாளில் லேபிளோடு காலண்டரும் பட்டாசுப் பெட்டி அட்டையும் அச்சாகிக் கொண்டிருந்தன. இரண்டு சிவப்புகளுக்கு இடையே மற்றவர் காணாத வேறுபாட்டை அவர் காண்பார். ஒரு நாள் புரூப் தாளின்மேல் கறுப்பு இழை ஒன்று மிதப்பதாகச் சொன்னார். மை சிந்தியிருக்கிறது என்று எண்ணித் தாளை மாற்றினார். இழை போகவில்லை. அது தாளில் இல்லை, அவர் கண்ணுக்குள் கசிந்த இரத்தம். நீரிழிவு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தும் அதுவரை அவர் கண்ணை யாருக்கும் காட்டியதில்லை. வலியில்லாதபோது ஏன் காட்ட வேண்டும்? ஒரு கண் போயிற்று. மற்றதை லேசர் ஓரளவு காத்தது.

எங்கள் பக்கத்தில் கண்ணுக்குக் கேடு என்றால் வெடிவிபத்துத்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஓசையின்றிப் பார்வையைப் பறிப்பது சர்க்கரை. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்து நெடுங்காலம் இருந்தால், விழித்திரையின் நுண்குழாய்களின் சுவர் தளர்கிறது. முதலில் ஊசிமுனையளவு சிவப்புப் புடைப்புகள் தோன்றும். பின்பு இரத்தக் கசிவும் மஞ்சள் படிவும் காணும். முற்றிய நிலையில் புதுக்குழாய்கள் தாறுமாறாக முளைத்து உடையும். அதுவரை நோயாளிக்கு எதுவும் தெரியாமலே இருக்கலாம். தெரிந்துகொள்ள ஒரே வழி விழித்திரையை நேரே பார்ப்பது. உயிருள்ள மனிதனின் விழித்திரையை மருத்துவர் பார்க்கத் துணைசெய்யும் கருவியை 1851-இல் உலகுக்கு அளித்தவர் ஆற்றல் அழியாக் கொள்கைக்குப் புகழ்பெற்ற எர்மன் ஃபான் எல்ம்ஓல்ட்ஸ். இன்று அதே வேலையை ஒரு போட்டோவில் முடிக்கும் படக்கருவிகள் உள்ளன.

படம் எடுப்பது எளிது. படிப்பதற்கு ஆள் வேண்டும். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி நம் நாட்டில் நீரிழிவு உள்ளோர் 10.1 கோடிப் பேர். ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை, இரண்டு கண்களுக்கும் படம் எடுத்தால் எத்தனை கோடிப் படங்கள்! இருக்கின்ற கண் மருத்துவர்கள் அறுவையை விட்டுவிட்டுப் படம் படிக்க உட்கார்ந்தாலும் முடியாது.

இந்தக் கணக்கை நன்கு அறிந்த ஊர் மதுரை. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் 11 படுக்கைகளுடன் அங்கே தொடங்கியதே அரவிந்த் கண் மருத்துவமனை. 2004 முதல் அது சிற்றூர்களில் கண் நிலையங்களை அமைத்தது. அங்கே மருத்துவர் இல்லை. பயிற்சி பெற்ற பணியாளர் சோதிப்பார், நகரிலுள்ள மருத்துவர் தொலைவிலிருந்து பார்த்து முடிவு சொல்வார். இத்தகைய ஏற்பாட்டில் படங்கள் சேர்ந்துகொண்டே போகும். அவற்றைப் படிக்க ஓர் எந்திரத்திற்குக் கற்பித்தால் என்ன?

இங்கேதான் புரூப் தாளை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். எந்திரம் என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு நீண்ட கணக்கு. படத்தின் ஒவ்வொரு புள்ளியின் நிற அளவும் அதில் நுழைகிறது. அடுக்கடுக்காகப் பெருக்கிக் கூட்டப்படுகிறது. கடைசியில் ‘நோய் உண்டு’ அல்லது ‘இல்லை’ என்பதற்கான ஓர் எண் வெளிவருகிறது. பெருக்கும் எண்களை யாரும் எழுதி வைப்பதில்லை. தொடக்கத்தில் விடை தப்பும் தவறுமாக வரும். அதைச் சரியான விடையோடு ஒப்பிட்டு, பிழை குறையும் திசையில் எண்களைச் சிறிது நகர்த்துவார்கள். அடுத்த படம், அடுத்த நகர்வு. மலைச்சரிவில் இருட்டில் இறங்குபவன் காலால் தடவித் தாழ்வான பக்கம் அடி வைப்பதைப் போன்றது இது.

1958-இல் அமெரிக்கரான ரோசன்பிளாட் ஓரடுக்குக் கணக்கைக் காட்டினார். பல அடுக்குகளிலும் பிழையைப் பின்னோக்கிப் பகிர்ந்து திருத்தும் முறையை 1986-இல் ரூமல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் மூவரும் பரவலாக்கினர். (அந்த ஹின்டனுக்கு 2024-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தபோது, இயற்பியல் ஆசிரியர்களாகிய நாங்கள் சிலர் ‘இது எங்கள் பாடமா?’ என்று வியந்தது உண்மை.) ஆனால் கணக்கு பெரிது, கணிப்பொறி சிறிது. 2012-இல்தான் முடிச்சு அவிழ்ந்தது. விளையாட்டுப் படங்களுக்காகச் செய்த இரண்டே வரைகலை அட்டைகளைக் கொண்டு, 12 லட்சம் படங்களை ஐந்தாறு நாட்கள் ஓட்டி, 6 கோடி எண்களைத் திருத்தி, ஹின்டனின் குழு படம் அறியும் போட்டியில் மற்றவர்களை வெகுதொலைவில் விட்டுச் சென்றது. அதே ஆண்டில் கூகுள் பொறியாளர்கள் வேறொரு வழியும் காட்டினர். ஒரே கணக்கின் பல பிரதிகளை வெவ்வேறு கணிப்பொறிகளில் வைத்து, படங்களைப் பங்கிட்டுக் கொடுத்து, ஒவ்வொன்றும் கண்ட திருத்தத்தைப் பொதுப் பேரேடு ஒன்றில் எழுதச் செய்தனர். பத்து அச்சு எந்திரங்களில் ஒரே படம் ஓடி, திருத்தமெல்லாம் ஒரே மாஸ்டரிடம் வந்து சேர்வதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

கண் படத்திற்கு வருவோம். கூகுள் ஆய்வாளர்கள் 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொண்டு கற்பித்த முடிவு 2016-இல் வெளியாயிற்று. படங்களில் ஒரு பகுதி அமெரிக்காவிலிருந்தும், மற்றொரு பகுதி அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூர் நாராயண நேத்ராலயா ஆகிய மூன்று மருத்துவமனைகளிலிருந்தும் வந்தவை. கணக்கை வெறுமையிலிருந்து தொடங்கவில்லை. நாய், பூனை, நாற்காலி முதலியவற்றை முன்பே கற்றிருந்த ஒரு வலையின் எண்களை அப்படியே எடுத்து வைத்துத் தொடங்கினர். விளிம்பு எது, வளைவு எது என்பதை நாயிடம் கற்றாலும் கண்ணில் உதவும் அல்லவா? உழைப்பு பெரிதும் மிச்சமாயிற்று.

இன்னொன்றையும் சோதித்தார்கள், எனக்கு மிகவும் பிடித்தது இதுவே. படங்களைக் குறைத்துக் குறைத்துக் கற்பித்துப் பார்த்தபோது, ஏறத்தாழ 60,000 படங்களுக்கு மேல் திறமை உயரவில்லை. குவித்தால் போதும் என்ற எண்ணத்திற்கு அங்கே ஓர் எல்லை தெரிந்தது. பிறகு எதில் குறை? விடைத்தாளில்!

ஒவ்வொரு படத்திற்கும் ‘இது இந்த நிலை’ என்று மருத்துவர் இடும் குறிப்பை இத்துறையினர் ‘லேபிள்’ என்றே அழைக்கின்றனர்; சிவகாசிக்காரனுக்கு இனிக்கும் சொல். 54 மருத்துவர்கள், ஒரு படத்தை மூன்று முதல் ஏழு பேர் வரை பார்த்து லேபிள் இட்டனர். அவர்கள் ஒரே முடிவுக்கு வரவில்லை. ஒருவருக்கு நோயாகப் பட்டது மற்றவருக்குத் தூசியாகப் பட்டது. பெரும்பான்மை ஓட்டெடுத்தால் போதுமா? 2018-இல் வெளியான அடுத்த ஆய்வில் விழித்திரை வல்லுநர் மூவர் கருத்து மாறிய படங்களை விவாதித்து ஒரு முடிவுக்கு வந்தனர். ஓட்டெடுப்பு விட்டுவிட்டவற்றில் முதலிடம் அந்த ஊசிமுனைச் சிவப்புப் புடைப்புக்கே! நோயின் முதல் அடையாளமே தப்பியிருந்தது. கற்பித்த படங்களோ பதினாறு லட்சத்துக்கும் மேல். இவ்வாறு விவாதித்துத் தீர்த்த 3,737 படங்களைக் கொண்டு கடைசிச் செப்பனிடலைச் செய்து, படத்தின் நுண்மையையும் கூட்டியபோது எந்திரம் தெளிவாக முன்னேறியது. பெரியப்பா கேட்டிருந்தால் வியந்திருக்க மாட்டார். மூலப்படமே சரியில்லையென்றால் ஆயிரம் புரூப் எடுத்து என்ன பயன் என்பார்.

நல்லது, இதை நம்பலாமா? எந்திரம் கற்ற படங்களில் தேறுவது ஒன்று, புதிய நோயாளி முன் தேறுவது வேறு. ஆகவே அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் வந்த 3,049 நோயாளிகளிடம் சோதித்து 2019-இல் முடிவை வெளியிட்டனர். அரவிந்தில் நோயுள்ளோரில் 88.9 விழுக்காட்டினரை எந்திரம் கண்டுபிடித்தது, நோயற்றோரில் 92.2 விழுக்காட்டினரைச் சரியாக ஒதுக்கியது. நோயைக் கண்டுபிடிப்பதில் தனித்தனியே படித்த மனிதர்களின் அளவு 73.4 முதல் 89.8 வரை இருந்தது.

இந்த விழுக்காடுகளை ஆட்களாக மாற்றிப் பாருங்கள். கணக்குக்காக ஆயிரம் பேர் வருகிறார்கள், அவர்களில் நூறு பேருக்கு நோய் என்று கொள்வோம். எந்திரம் 89 பேரைப் பிடிக்கும், 11 பேர் ‘ஒன்றுமில்லை’ என்று வீடு திரும்புவர். நோயற்ற 900 பேரில் ஏறக்குறைய 70 பேரை அது வீணாக மருத்துவமனைக்கு அனுப்பும். வாசலை இறக்கினால் தப்புவோர் குறைவர், வீணாக அலைவோர் கூடுவர். ஏற்றினால் இதன் மறுதலை. எங்கே நிறுத்துவது என்பதை எந்திரம் சொல்லாது. குரோஸ் கணக்கில் கூலி வாங்கும் பட்டாசுத் தொழிலாளிக்கு மதுரை சென்று வருவது ஒரு நாள் கூலியும் பஸ் செலவும். கண் போனாலோ, கூலியே இல்லை. நான் அந்த 11 பேரின் பக்கம்.

2019-இல் எந்திரம் மதுரையில் நோயாளிகளுக்கே பயன்படத் தொடங்கியது. ஏறத்தாழ அதே காலத்தில் தாய்லாந்தில் 11 நிலையங்களில் வைத்துப் பார்த்தபோது எதிர்பாராத இடர் வந்தது. செவிலியர் அனுப்பிய 1,838 படங்களில் 21 விழுக்காட்டை எந்திரம் ‘தெளிவில்லை’ என்று தள்ளிவிட்டது. கண் பாவை விரிவதற்கேற்ற இருட்டறை பல நிலையங்களில் இல்லை. இணைய இணைப்பும் மெதுவானது. தெளிவற்ற படத்திற்கு ஊகமாக விடை சொல்லாமல் தள்ளியது நல்ல குணமே. ஆனால் தள்ளப்பட்டவர் வேறு ஊருக்குப் போய் மறுபடி வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. கற்பித்தவர்கள் ஆய்வகத்தில் இருட்டறைக்குக் கணக்குப் போடவில்லை.

தமிழ்நாட்டில் நடந்ததோ தொடர்ந்த கண்காணிப்பு. 45 இடங்களில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்த பின்னரும், அவர்களிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்த 4,537 பேரின் படங்களை வல்லுநர்கள் மறுபடி படித்து ஒப்பிட்டனர். 2025-இல் வெளியான அம்முடிவின்படி, முற்றிய நிலையில் உள்ளோரில் 97 விழுக்காட்டினரை எந்திரம் பிடித்திருந்தது. அச்சகத்திலும் புரூப் சரியானபின் யாரும் தூங்கப் போவதில்லை. ஓட்டத்தின் நடுவே அவ்வப்போது ஒரு தாளை உருவி எடுத்து லென்சுக்கு அடியில் வைப்பார்கள்.

உங்கள் வீட்டில் நீரிழிவு உள்ளவர் இருந்தால், பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கொரு முறை விழித்திரைப் படம் எடுக்க அழைத்துச் செல்லுங்கள். படம் தெளிவாக வந்ததா என்று கேளுங்கள். இத்தகைய எந்திரம் தனக்குக் கற்பித்த நோயை மட்டுமே தேடும். ‘ஒன்றுமில்லை’ என்று அது சொன்னால் அந்த ஒரு நோய் தென்படவில்லை என்றே பொருள். கண்ணில் அழுத்தமோ, புரையோ இருந்தால் அதைப் பார்க்க மருத்துவர்தாம் வேண்டும். பெரியப்பா இன்றும் காலண்டர் வந்தால் மீதியிருக்கும் கண்ணுக்கு நேரே பிடித்து, ‘மெஜந்தா கொஞ்சம் தூக்கல்’ என்கிறார். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவே இருக்கிறது.