‘மனிதன்’ என்னும் சொல்லும் ஹன்சா மேத்தாவும்

உலக அரசியலில் பெண்டிரின் பங்கினை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் அரியணைகளையே நோக்குகின்றனர். 1960இல் இலங்கையில் சிரிமாவோ பண்டாரநாயக்கா, 1966இல் இந்தியாவில் இந்திரா காந்தி, 1969இல் இஸ்ரேலில் கோல்டா மேயர், 1979இல் பிரிட்டனில் மார்கரெட் தாட்சர் எனத் தொடரும் பட்டியல் நம் மாணவர்க்கும் மனப்பாடம். அப்பட்டியலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் சொல்லையே தொழிலாகவும் தவமாகவும் கொண்ட கவிஞர்கள் கூடும் வட்டம் இது. இதன் மலரில் வேறொரு வகைச் செல்வாக்கினைப் பற்றி எழுதுவதே பொருத்தமெனத் தோன்றியது. ஆட்சிக் கட்டிலில் அமராத ஒரு பெண்மணி, உலக நாடுகள் அனைத்திற்கும் பொதுவானதோர் ஆவணத்தில் ஒரு சொல்லை மாற்றுவதற்குக் காரணராயிருந்தார். அவர் ஓர் எழுத்தாளர், மொழிபெயர்ப்பாளர். நம் இனத்தவர் என்று உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

ஒரு சொல்லில் என்ன இருக்கிறது என்று வினவுவோர்க்கு வரலாறே விடை தருகின்றது. 1789ஆம் ஆண்டின் பிரெஞ்சுப் பிரகடனம் ‘மனிதன், குடிமகன்’ ஆகியோரின் உரிமைகளைப் பறைசாற்றிற்று. அச்சொற்களில் பெண்ணும் அடங்குவாள் என்று நம்பியோர் விரைவில் ஏமாந்தனர். 1791இல் ஒலிம்ப் தெ கூஜ் என்னும் நாடக ஆசிரியை, அப்பிரகடனத்தின் அமைப்பையே பின்பற்றிப் பெண்ணின் உரிமைப் பிரகடனம் ஒன்றை எழுதி வெளியிட்டார். 1793 நவம்பரில் அவர் கில்லட்டினுக்கு இரையானார். அவர் தண்டனைக்கு வேறு அரசியற் காரணங்களும் உண்டு என்பதை மறைத்தல் நேர்மையன்று. எனினும் பிரெஞ்சுப் பெண்டிர் வாக்குரிமை பெற 1944 வரை காத்திருக்க நேர்ந்தது என்பதும் உண்மை.

கனடாவில் நிகழ்ந்தது இன்னும் விசித்திரமானது. மேலவைக்குத் தகுதியுடைய ‘நபர்கள்’ என 1867ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. பெண் ஒரு நபரா என்னும் வினா நீதிமன்றம் ஏறியது. அல்ல என்று 1928இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆல்பர்ட்டாவைச் சேர்ந்த ஐந்து பெண்மணிகள் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று போராடிய பின்னரே, 1929 அக்டோபர் 18ஆம் நாள் பெண்ணும் நபரே என்னும் பேருண்மை சட்டத்திற்குப் புலப்பட்டது.

தமிழ்ப் பெண்டிர்க்கும் இத்தகைய பட்டறிவு உண்டு. 1913 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் கேப் மாகாண நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் வழங்கிய தீர்ப்பினால், கிறித்தவ முறைப்படி நிகழாது, பதிவும் பெறாத இந்தியத் திருமணங்கள் சட்டத்தின் ஏற்பினை இழந்தன. பல்லாண்டுகள் குடும்பம் நடத்திய மனைவியர் ஒரு தீர்ப்பால் மனைவியர் அல்லராயினர். அவ்வாண்டின் இறுதியில் எல்லை கடந்து சிறை புகுந்த பெண்களில் பலர் தமிழர். சிறையில் நோயுற்று, விடுதலையான சில நாட்களில் 1914 பிப்ரவரி 22இல் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மையின் பெயரை நாம் அறிவோம். அப்போராட்டத்தில் பிற கோரிக்கைகளுடன் ‘மனைவி’ என்னும் சொல்லின் சட்டப்பொருளும் அடங்கியிருந்தது என்பதை அத்துணை நினைவிற் கொள்வதில்லை.

இப்பின்னணியோடு 1945க்கு வருவோம். ஐக்கிய நாடுகள் சாசனத்தை இயற்றுவதற்கு ஐம்பது நாடுகளின் பேராளர் சான் பிரான்சிஸ்கோவில் ஏப்ரல் 25 முதல் ஜூன் 26 வரை கூடினர். சாசனத்தில் ஒப்பமிட்ட பெண்கள் நால்வரே: பிரேசிலின் பெர்த்தா லுட்ஸ், டொமினிகன் குடியரசின் மினர்வா பெர்னார்தினோ, சீனாவின் வூ யி-ஃபாங், அமெரிக்காவின் வர்ஜீனியா கில்டர்ஸ்லீவ். லுட்ஸ் தவளைகளை ஆராய்ந்த விலங்கியலாளர். அவரும் பெர்னார்தினோவும், ஆஸ்திரேலியாவின் ஜெஸ்ஸி ஸ்டிரீட் போன்றோரும் விடாது வாதிட்டதன் பயனாகவே, முன்னுரையில் ‘ஆண் பெண் இருபாலாரின் சம உரிமை’ என்பதும், ஐ.நா.வின் உறுப்புகளில் பங்கேற்க இருபாலார்க்கும் தடையில்லை எனும் எட்டாம் பிரிவும் இடம்பெற்றன. பெண்களுக்கெனச் சாசனத்தில் எதுவும் கேட்பது நாகரிகமன்று எனக் கில்டர்ஸ்லீவ் தம்மிடம் கூறியதாக லுட்ஸ் பின்னாளில் எழுதினார். கில்டர்ஸ்லீவ் அம்மையார் ஒரு பெண்கள் கல்லூரியின் தலைவர்! ‘பெண்குரல்’ என்று ஒருமையிற் பேசும் நம் வழக்கம் எத்துணைப் பிழையுடையது என்பதற்கு இந்நிகழ்ச்சி ஒன்றே போதும். செல்வமும் ஆற்றலும் மிக்க நாடுகளின் பெண்கள் தயங்கியபோது, இலத்தீன் அமெரிக்கப் பெண்கள் வழக்காடினர்.

இனி ஹன்சா மேத்தா. 1897 ஜூலை 3இல் சூரத்தில் பிறந்தவர். பரோடா சமஸ்தானத்தின் திவானாயிருந்த மனுபாய் மேத்தாவின் மகள். இவருடைய பாட்டனார் நந்தசங்கர் மேத்தாவே குஜராத்தியின் முதல் நாவலாகிய ‘கரண் கேலோ’வை (1866) எழுதியவர். மொழியுணர்வு குடும்பச் சொத்தாக வந்தது எனலாம். ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’, ‘வெனிஸ் வணிகன்’ ஆகியவற்றையும், வால்மீகி இராமாயணத்தின் சில காண்டங்களையும், ‘கலிவரின் பயணங்க’ளையும் குஜராத்தியில் பெயர்த்தவர், சிறுவர்க்கும் நிறைய எழுதியவர். ஒரு சொல்லுக்கு ஈடாக மற்றொரு சொல்லைத் தேடி இரவெல்லாம் விழித்திருந்தவர்க்கே, சொல் எங்கே மிகுகிறது, எங்கே குறைகிறது என்பது விளங்கும். அரசியல் அறிஞர்கள் இவரைப் பற்றி எழுதுகையில் இவ்விலக்கியப் பணியை ஒரு வரியில் கடந்து செல்கின்றனர். அவருடைய பிற்காலச் செயலுக்கு அதுவே திறவுகோல் என்பது என் கருத்து.

சாதி வரம்பினை மீறி மருத்துவர் ஜீவராஜ் மேத்தாவை 1924இல் மணந்தார். விடுதலைப் போரில் சிறை சென்றார். 1945-46இல் அகில இந்திய மாதர் மாநாட்டின் தலைவராயிருந்து, இந்தியப் பெண்களின் உரிமைகளையும் கடமைகளையும் தொகுத்துரைக்கும் சாசனம் ஒன்று உருவாகக் காரணமானார். அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினருமானார். 1947 ஆகஸ்டு 14ஆம் நாள் நள்ளிரவில், இந்தியப் பெண்களின் சார்பில் தேசியக் கொடியை அவையில் வழங்கியவர் இவரே.

அதே ஆண்டில்தான் ஐ.நா.வின் மனித உரிமை ஆணையம் தன் பணியைத் தொடங்கிற்று. சனவரி இறுதியில் நியூயார்க்கை அடுத்த லேக் சக்சஸில் கூடிய அவ்வாணையத்தின் உறுப்பினர் பதினெண்மர். அவருள் பெண்கள் இருவரே: தலைவர் எலினார் ரூஸ்வெல்ட், இந்தியாவின் ஹன்சா மேத்தா. சீனாவின் சாங், லெபனானின் சார்லஸ் மாலிக், பிரான்சின் ரெனே காசன் முதலிய அறிஞர்கள் அங்கிருந்தனர். வரைவின் முதல் விதி, ‘ஆல் மென்’ என்னும் சொற்களோடு தொடங்கிற்று. மனிதர் யாவரும் சுதந்திரராகவும் சமமாகவும் பிறக்கின்றனர். அவர்கள் ஒருவரோடொருவர் சகோதரர்களைப் போல் நடந்துகொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். 1776இல் அமெரிக்காவும் 1789இல் பிரான்சும் பேசிய மொழியின் எதிரொலி அது. கேட்பதற்கு இனிது, குறை காண்பது கடினம்.

1947 டிசம்பரில் ஜெனீவாவில் நடந்த இரண்டாம் கூட்டத்தொடரில் ஹன்சா மேத்தா அதில் குறை கண்டார். ‘மென்’ என்பதும் ‘சகோதரர்களைப் போல்’ என்பதும் பெண்களை விலக்குவனவாகப் பொருள் கொள்ளப்படக்கூடும்; காலத்திற்கும் ஒவ்வாதவை என்றார். மனித குலம் என்னும் பொருளில் இச்சொல் இருபாலாரையும் வேறுபாடின்றிக் குறிப்பது வழக்கமாகிவிட்டது என்பது ரூஸ்வெல்ட் அம்மையாரின் விடை. அவரை நாம் எளிதிற் பழித்துவிடலாகாது. பெண் தொழிலாளர்க்கென இருந்த பாதுகாப்புச் சட்டங்கள் பறிபோகும் என்றஞ்சி, அமெரிக்காவில் சம உரிமைத் திருத்தத்தையே எதிர்த்து வந்தவர் அவர். பொதுச் சொல்லில் அவருக்கு நம்பிக்கை இருந்தது. குடியேற்ற ஆட்சியின்கீழ் வளர்ந்து, சட்டத்தின் சொற்கள் யாரை எப்படி வெளியே நிறுத்தும் என்று கண்டறிந்த இந்தியப் பெண்ணுக்கு அந்நம்பிக்கை இல்லை.

ஹன்சா மேத்தா தனித்து நின்றார் என்று எழுதுவோரும் உளர். அது முற்றும் சரியன்று. அதற்கு முன்பே சோவியத் பேராளர் இச்சொல்லைக் குறை கூறியிருந்தார். பெண்கள் நிலை ஆணையத்தின் தலைவரான டென்மார்க்கின் போடில் பெக்ட்ரப் அம்மையாரும் ஜெனீவாவுக்கு வந்து ‘மென்’ என்பதை மாற்ற வேண்டுமென வாதிட்டார். ஆயினும் ஜெனீவா வரைவு சொல்லை மாற்றவில்லை. ‘மென்’ என்பது மனிதப் பிறவிகள் யாவரையும் குறிக்கும் என ஒரு குறிப்பு மட்டும் சேர்த்தது. மூலம் வழுவுடையதாயின் உரையாசிரியரைக் கொண்டு ஒப்பேற்றுவது நம் மரபிலும் உள்ளதே!

குறிப்பு நிலைக்கவில்லை. 1948 மே-ஜூன் மாதங்களில் நடந்த மூன்றாம் கூட்டத்தொடரில், இந்தியாவும் பிரிட்டனும் இணைந்து அளித்த திருத்தங்களின் வழியே ‘ஆல் ஹியூமன் பீயிங்ஸ்’ என்னும் தொடர் முதல் விதியின் தலைமேல் ஏறியது. மற்றொரு குறை பாதியே தீர்ந்தது. ‘சகோதரர்களைப் போல்’ என்பது ‘சகோதரத்துவ உணர்வில்’ என உருமாறியதேயன்றி மறையவில்லை. இன்றுவரை அப்படியே உள்ளது.

அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் பாரிசில் பொதுச்சபையின் மூன்றாங்குழு எண்பதுக்கும் மேற்பட்ட அமர்வுகளில் வரைவினைச் சொல் சொல்லாக ஆராய்ந்தது. திருவனந்தபுரத்தில் பிறந்த லட்சுமி மேனன் இந்தியாவின் சார்பில், பால் வேறுபாடின்மையைப் பிரகடனம் நெடுகிலும் வலியுறுத்த வேண்டுமென வாதிட்டார். பாகிஸ்தானின் பேகம் ஷாயிஸ்தா இக்ரமுல்லா திருமண உரிமைகள் பற்றிய விதியில் சமத்துவத்திற்காகக் குரல் கொடுத்தார். பிரிவினையின் குருதி உலராத காலம் அது. இரு நாட்டுப் பெண்களும் அவ்வவையில் ஒரே திசையில் பேசினர். பெர்னார்தினோவும் மீண்டும் வந்தார். முன்னுரையில் ஆண் பெண் சம உரிமை இடம்பெற்றது. 1948 டிசம்பர் 10 அன்று 48 நாடுகள் ஆதரிக்க, எதிர்வாக்கு ஒன்றுமின்றி, எட்டு நாடுகள் வாக்களியாது ஒதுங்க, பிரகடனம் நிறைவேறியது.

தமிழாசிரியை என்ற முறையில் இங்கே சிறிது நின்று செல்ல விரும்புகிறேன். ‘மக்கள்’, ‘மாந்தர்’ என்னும் அரும்பொதுச் சொற்கள் உடைய நமக்கு இத்தொல்லை இல்லை என்று சிலர் பெருமிதம் கொள்வர். பன்மையில் அது மெய்யே. ஒருமைக்கு வந்தவுடன் நம் இலக்கணம் ஆண்பாலா பெண்பாலா என்று கேட்கத் தொடங்கிவிடுகிறது. அப்போது நம் பேனா தயங்காமல் ‘மனிதன்’ என்றும் ‘அவன்’ என்றும் எழுதிச் செல்கிறது. ‘மனிதன் சமூக விலங்கு’ என்று எழுதும்போது யாரும் மனக்கண்ணில் ஒரு பெண்ணைக் காண்பதில்லை. இத்தனைக்கும் ‘ஒருவர்’ என்னும் சொல் இருபாற்கும் உரியது எனத் தொல்காப்பியரும் நன்னூலாரும் விதி வகுத்திருக்கின்றனர். லேக் சக்சஸில் ஆண்டுக்கணக்கில் தேடியதற்கு நிகரான சொல் நம் இலக்கணத்தில் ஈராயிரம் ஆண்டுகளாகக் காத்துக் கிடக்கின்றது. நம் கவிஞர்கள் அதனை மரியாதைச் சொல்லாக மட்டுமே கொண்டு, கவிதைக்கு உதவாதென ஒதுக்கிவிட்டனர். ஓசை இடம் தரவில்லை என்பர். ‘மனிதன்’ மட்டும் எல்லாச் சந்தத்திலும் எப்படிப் பொருந்துகிறான் என்பது எனக்குப் புரிந்ததில்லை.

பிற மொழிகளும் இதனோடு மல்லாடின. பிரகடனத்தின் ஸ்பானிய வடிவம் ‘மனிதனின் உரிமைகள்’ என்னும் பொருள்தரும் தலைப்போடு வெளிவந்தது. 1952இல் பொதுச்சபையின் தீர்மானத்தால் ‘மனித உரிமைகள்’ எனத் திருத்தம் பெற்றது. பிரெஞ்சுத் தலைப்பு மட்டும் 1789இன் சொல்லை இன்றும் விடவில்லை. தமிழ்ப் பெயர்ப்பு ‘மனிதப் பிறவியினர்’ என்று முதல் விதியைத் தொடங்குவது பாராட்டுக்குரியது.

சொல் மாறினால் உலகம் மாறிவிடுமா? இவ்வினாவை ஹன்சா மேத்தாவே நன்கறிந்திருந்தார். எனவேதான் ஜெனீவாவில் உரிமைகளைச் செயற்படுத்தும் வழிகளை ஆராய்ந்த பணிக்குழுவிற்குத் தலைமை ஏற்றார். நாடுகளைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு வேண்டுமென்பது அவர் நிலைப்பாடு. அது அன்று வெல்லவில்லை. அவருடைய கருத்துகள் யாவும் எனக்கு உடன்பாடல்ல. 1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில், பெண்கள் தனியிடமோ ஒதுக்கீடோ கேட்கவில்லை. நீதியே கேட்கின்றனர் என்றார். பெருமிதம் மிக்க பேச்சு. ஆயின் மக்களவையிலும் சட்டப்பேரவைகளிலும் மூன்றிலொரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கும் அரசியலமைப்புத் திருத்தம் 2023இல் நிறைவேறியது. எழுபது ஆண்டுக்கு மேற்பட்ட தேர்தல் வரலாறு அத்தேவையைக் காட்டிற்று. ஐ.நா.விலும் நிலை பெரிதும் வேறன்று. 1953இல் விஜயலட்சுமி பண்டிட் பொதுச்சபையின் முதற் பெண் தலைவரானார். 2025இல் தொடங்கிய எண்பதாம் கூட்டத்தொடர் வரை அப்பதவி வகித்த பெண்கள் ஐவரே. 1946 முதல் 2025 வரை பொதுச்செயலாளர் பதவியில் அமர்ந்த ஒன்பதின்மரும் ஆண்கள்.

ஹன்சா மேத்தா 1949இல் பரோடாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். இந்தியாவில் இருபாலாரும் பயிலும் பல்கலைக்கழகம் ஒன்றிற்கு அப்பதவியேற்ற முதற் பெண்மணி அவர். 1995 ஏப்ரல் 4இல், தம் தொண்ணூற்றேழாம் வயதில் மறைந்தார். ஐந்து மாதம் கழித்து, பெய்ஜிங்கில் நான்காம் உலகப் பெண்கள் மாநாடு கூடிற்று.

முதல் விதியின் இறுதித் தொடரை, அதாவது ‘சகோதரத்துவ உணர்வு’ பற்றிய பகுதியை, முதுகலை மாணவியரிடம் கொடுத்துத் தமிழாக்கச் சொன்னேன். பெரும்பாலோர் ‘சகோதர உணர்வு’ என்று எழுதினர். அச்சில் உள்ள பெயர்ப்பும் அதுவே. ஒருத்தி மட்டும் ‘உடன்பிறந்தார் போல்’ என எழுதியிருந்தாள். ஏன் அவ்வாறு எழுதினாய் என்று கேட்டேன். “எங்க வீட்டுல நாங்க அஞ்சும் பொண்ணுங்கம்மா” என்றாள்.