தீய பழக்கமும் தீர்வையும்

அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை ஒன்று நிற்கிறது. 1991-ஆம் ஆண்டிலேயே அமைக்கப்பெற்றும் பதினெட்டு ஆண்டுகள் திரைக்குள் இருந்து, 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் அது திறந்துவைக்கப்பெற்றது. கன்னட நாட்டில் வாழும் தமிழர்களாகிய நாம் அவ்வழியே செல்லும்போதெல்லாம் அதனை நிமிர்ந்து பார்த்து மகிழ்கிறோம். அப்பெருந்தகை பொருட்பாலிலே கள்ளுண்ணாமை என்று தனி அதிகாரம் வகுத்தார். அதே பொருட்பாலிலே அரசன் பொருள் சேர்க்கும் வகைகளையும் கூறினார். ஆனால், கள்ளின்மேல் வரி விதித்துப் பொருள் சேர்க்கலாமா என்னும் வினாவை அவர் எழுப்பினாரில்லை. அது பிற்காலத்து அரசாங்கங்களுக்கு உரிய வினா.

இன்று அவ்வினா கள்ளோடு நிற்கவில்லை. புகையிலை, சர்க்கரை மிகுந்த பானங்கள், கொழுப்பு மிகுந்த தின்பண்டங்கள் என அது விரிந்துகொண்டே செல்கிறது. உடலுக்குக் கேடு விளைப்பவற்றின்மேல் அரசாங்கம் வரி விதிக்கலாமா? விதித்தால் விலை ஏறும், விலை ஏறினால் பழக்கம் குறையும் என்பர் ஒரு சாரார். ஏழையின் மடியில் கைவைக்கும் உபாயமே இது என்பர் மற்றொரு சாரார். இரு திறத்தார் கூற்றிலும் உண்மை உண்டு. எது மேலோங்கும் என்பதை அறிய, நம் நாட்டிலே நூறாண்டுகளுக்கு மேலாக நடந்துள்ள சோதனை ஒன்றைத் திரும்பிப் பார்த்தல் நலம்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்போர்க்குச் சொற்களே சில வேளைகளில் வரலாறு கூறும். மதுவின்மேல் விதிக்கும் தீர்வையை நம் முன்னோர் ‘ஆப்காரி’ என்றனர். அது பாரசீகச் சொல். பின்னர் வந்த ‘கலால்’ என்பது, சாராயம் காய்ச்சுவோரைக் குறித்த வடநாட்டுச் சொல்லிலிருந்து வந்தது. இன்று நல்ல தமிழில் ‘ஆயத்தீர்வை’ என்கிறோம். தமிழ்நாட்டு அரசில் இதனைக் கவனிக்கும் துறையின் பெயர் ‘மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை’ என்பதாகும். மதுவை விலக்குவதும் மதுவிலிருந்து வருவாய் பெறுவதும் ஒரே துறையின் பெயர்ப்பலகையில் அருகருகே அமர்ந்திருக்கின்றன. நாம் ஆராயப்புகும் சிக்கல் முழுவதும் அப்பெயருக்குள்ளேயே அடங்கியிருக்கிறது எனலாம்.

1809-ஆம் ஆண்டில் பெங்களூரிலே ஆங்கிலேயரின் தண்டு அமைந்தபோது, சென்னைப் படையோடு தமிழ்மக்கள் பலர் இங்கு வந்தனர். சிப்பாய்கள், சரக்கு வழங்குவோர், கட்டட வேலை செய்வோர், வீட்டுப் பணியாளர் என வந்த அவர்களுள் பலர் அல்சூரையும் அதன் சுற்றுப்புறத்தையும் தம் ஊராக்கிக்கொண்டனர். அவர்கள் விட்டுவந்த சென்னை மாகாணத்திலோ கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் ஏலத்தில் விடப்பெற்றன. ஏலம் எடுத்தவன் தான் கட்டிய பணத்தைக் குடிப்பவனிடமிருந்தே திரும்பப் பெற்றாக வேண்டும். ஆகவே, குடி பெருகுவதில் அவனுக்கும் ஆதாயம். அடுத்த ஏலத்தொகை உயரும் ஆதலின் சர்க்காருக்கும் ஆதாயம்.

இதன் கேட்டினை ஆங்கில ஆட்சியும் அறியாமலில்லை. மதுவின்மேல் வரியை இயன்ற அளவு உயர்த்த வேண்டும், ஆயினும் திருட்டுத்தனமாகக் காய்ச்சுவதைத் தூண்டும் அளவுக்கு உயர்த்தலாகாது, வருவாய் நோக்கம் குடியைக் குறைக்கும் நோக்கத்திற்கு அடங்கியே நிற்க வேண்டும் என்னும் கருத்துப்பட 1905-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் ஒரு தீர்மானம் வெளியிட்டது. இன்று அறிஞர்கள் கூறும் கொள்கையும் பெரும்பாலும் இதுவே. ஆனால் நடைமுறையில் நிகழ்ந்தது வேறு. 1930-களின் நடுவில் சென்னை மாகாணத்தின் வருமானத்தில் ஏறக்குறைய கால் பங்கு மதுவிலிருந்தே வந்தது. அடங்கி நிற்க வேண்டிய நோக்கம் ஆளும் நோக்கமாகிவிட்டது.

இந்தக் கட்டினை அறுக்க முன்வந்தவர் ராஜாஜி. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்து, பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பயின்றவர் அவர். திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்காகவே ‘விமோசனம்’ என்னும் இதழை நடத்தியவர். 1937-இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானதும், அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். இங்கு நம்மவர் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். அந்நாளில் ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. அல்சூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலேயே, மது விலக்கப்பட்ட நாடு தொடங்கியது. இங்கோ தண்டுப்பகுதி ஆங்கிலேய ரெசிடெண்டின் ஆட்சியில் இருந்தது. ஒரே குடும்பத்தின் இரு கிளைகள் இரண்டு சட்டங்களின் கீழ் வாழ்ந்த காலம் அது.

மதுவிலக்கு மேலும் சில மாவட்டங்களுக்குப் பரவியது. இழந்த வருவாயை ஈடுசெய்ய வேண்டாவா? அதற்காக 1939-இல் பொது விற்பனை வரிச் சட்டம் பிறந்தது. இந்தியாவிலேயே முதலாவதாக எழுந்த பொது விற்பனை வரி அதுவே. ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் விற்பவர் நூற்றுக்கு அரை ரூபாய் செலுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. குடிப்பவன் ஒருவனிடமிருந்து பெரும்பொருள் பறிப்பதைவிட, எல்லாரிடமிருந்தும் சிறுதொகை பெறுவது அறம் என்று ராஜாஜி கருதினார். அதே ஆண்டின் இறுதியில் அவரது அமைச்சரவை பதவி துறந்தது. போர்க்காலத்து ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. விற்பனை வரியையோ நிறுத்தவில்லை!

பிறகு நடந்தவை பலரும் அறிந்தவை. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1948 அக்டோபர் 2-ஆம் நாள் மாகாணம் முழுவதற்கும் மதுவிலக்கு வந்தது. 1971-இல் அது தளர்ந்தது, 1974-இல் மீண்டது, 1981-இல் கடைகள் மறுபடியும் திறந்தன. 1983-இல் அரசின் வாணிபக் கழகமாகிய டாஸ்மாக் அமைந்தது. 2003-இல் சில்லறைக் கடைகளையும் அதுவே ஏற்றது. 2023-24-ஆம் ஆண்டில் மதுவிலிருந்து தமிழ்நாட்டு அரசு பெற்ற வருவாய் ரூ. 45,855 கோடி. நாம் வாழும் கர்நாடகத்திலும் அதே ஆண்டின் ஆயத்தீர்வை ரூ. 30,000 கோடியைத் தாண்டியது. மதுவருவாய்க்கு மாற்றாக வந்த விற்பனை வரி, இன்று வேறு பெயரில் உப்பு, புளி வாங்கும் கடைவரை விரிந்திருக்கிறது. எந்த வருவாய்க்கு அது மாற்றாக வந்ததோ, அந்த வருவாயும் பலமடங்காகத் திரும்பி வந்துவிட்டது.

அப்படியானால் முற்றிலும் தடுத்துவிடுவதே வழியா? அதற்கும் வரலாறு எளிய விடை தரவில்லை. 1981 ஜூலையில், உரிமம் பெற்ற சாராயக் கடைகள் இருந்த காலத்திலேயே, பெங்களூரில் நச்சுச் சாராயம் குடித்து 300-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2007 ஜூலை முதல் நாள் கர்நாடகத்தில் சாராயம் தடைசெய்யப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் பெங்களூர்ச் சுற்றுப்புறத்திலும் எல்லைக்கு அப்பால் கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் 150-க்கும் மேற்பட்டோர் கள்ளச்சாராயத்திற்கு இரையாயினர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அரசின் கடைகள் திறந்தே இருந்தன. வரி சேர்ந்து விலை உயர்ந்த மதுவை வாங்க இயலாதவனை மலிவான நஞ்சு அழைத்துக்கொண்டது. தடையாயினும் வரியாயினும், முதலில் விழுபவன் கூலிக்காரன். அவன் வீட்டு அடுப்பைப் பற்றி எந்தச் சட்டமும் தனியே கேட்பதில்லை.

இனி உணவின்பக்கம் வருவோம். 2016-இல் கேரள அரசு, பெயர்பெற்ற நிறுவனங்களின் உணவகங்களில் விற்கும் பீட்சா, பர்கர் முதலியவற்றின்மேல் 14.5 விழுக்காடு வரி விதித்தது. மறுஆண்டு சரக்கு, சேவை வரி வந்ததும் அது மறைந்தது. டென்மார்க்கு நாடு 2011-இல் கொழுப்புக்கு வரி போட்டது. மக்கள் எல்லை கடந்து அண்டை நாட்டில் வாங்கலாயினர். 2012-இன் முடிவோடு அவ்வரி நீங்கியது. எல்லையோரத்து மக்களாகிய நமக்கு அதன் காரணத்தை விளக்க வேண்டுவதில்லை.

இவற்றினும் சிந்திக்கத்தக்கது பிரிட்டன் செய்த ஏற்பாடு. இனிப்புப் பானங்களுக்கு 2018-இல் அந்நாடு தீர்வை விதித்தபோது, 100 மில்லிலிட்டரில் சர்க்கரை 5 கிராமுக்குக் குறைவாயின் வரி இல்லை, 8 கிராமை எட்டினால் மிகுந்த வரி என்று வகுத்தது. இரண்டாண்டுகள் முன்னதாகவே இதனை அறிவித்தும் விட்டது. பானம் செய்வோர் பலர் வரிக்கு அஞ்சிச் சர்க்கரையைக் குறைத்தனர். முதலில் கணக்கிட்ட தொகை கருவூலத்திற்கு வரவில்லை. அந்தக் குறைவே அவ்வரியின் வெற்றி!

நம் நாட்டிலோ, வாயு கலந்த பானங்களின்மேல் 2017 முதல் 28 விழுக்காடு வரியும் 12 விழுக்காடு மேல்வரியும் இருந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் அவை ஒரே 40 விழுக்காடாக ஆக்கப்பட்டன. மொத்தச் சுமையில் மாற்றமில்லை. சர்க்கரை நிறைந்த பானத்திற்கும் சர்க்கரை இல்லாத இனிப்புப் பானத்திற்கும் வரி ஒன்றே. சர்க்கரையைக் குறைத்தாலும் வரி குறையாதெனின், செய்பவன் ஏன் குறைப்பான்? தீமையின் அளவை அறியாத வரி வருவாயைத் தரலாம், நல்வழியைக் காட்டாது.

ஆகவே, தீய பழக்கத்திற்கு வரி விதிக்கலாமா என்னும் வினாவிற்கு நம் விடை இதுவே: விதிக்கலாம். ஆனால் அதற்கு ஒரு சோதனை உண்டு. அவ்வரியின் வருவாய் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருமாயின், அரசாங்கம் மகிழுமா, வருந்துமா? மகிழும் எனின், அது மருந்து. வருந்தும் எனின், அது வெறும் வாணிபம். இச்சோதனையில் அரசாங்கம் தேற வேண்டுமானால், இவ்வகை வருவாயை அன்றாடச் செலவுக்கு நம்பியிராமல் தனியே ஒதுக்கி, குடிநோய் மருத்துவத்திற்கும் குழந்தைகளின் உணவிற்கும் செலவிட வேண்டும். பழக்கம் எவ்வளவு குறைந்தது என்பதையும் வருவாய்க் கணக்கோடு ஆண்டுதோறும் மக்கள்முன் வைக்க வேண்டும்.

கேட்பது நம் கடமை. இங்கே வாக்களிப்பவரும் நாம். ஊரில் உற்றாரை உடையவரும் நாம். இரண்டு அரசாங்கங்களின் வரவுசெலவுத் திட்டங்களும் நம் வீடுகளைத் தொடுகின்றன. அடுத்த முறை அவை வெளிவரும்போது, மதுவருவாய் எவ்வளவு உயர்ந்தது என்ற வரியைப் படித்து வியந்து அமைதல் போதாது. அவ்வுயர்வு எத்தனை அடுப்புகளிலிருந்து வந்தது என்று இரு தலைநகரங்களையும் நோக்கிக் கேட்போமாக.