நோட்ரே டாமின் நூறு கோடிப் புள்ளிகள்

அந்தப் புள்ளிகள் பிறந்தது 2010-ஆம் ஆண்டுவாக்கில், பாரிஸில். நியூயார்க் மாநிலத்து வாசர் கல்லூரியின் கலை வரலாற்றுப் பேராசிரியர் ஆண்ட்ரூ டாலன், நோட்ரே டாம் தேவாலயத்துக்குள் முக்காலியில் ஒரு லேசர் ஸ்கேனரை நிறுத்தினார். சுழலும் கருவியிலிருந்து கிளம்பும் ஒளி கல்லில் பட்டுத் திரும்பும். போய்வர எடுத்த நேரத்திலிருந்து தூரம் தெரியும்; ஒளி பட்ட இடம் ஒரு புள்ளியாகப் பதிவாகும். ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து அளந்து இணைத்ததில் நூறு கோடிக்கும் அதிகமான புள்ளிகள் சேர்ந்தன.

பழுதுபார்ப்பது டாலனின் நோக்கமல்ல. இடைக்காலக் கொத்தர்கள் எப்படிக் கட்டினார்கள் என்று அறிய விரும்பினார். மேற்கு முகப்பு செங்குத்தாக இல்லை என்பதைப் புள்ளிகள் காட்டின. அடியிலிருந்த மண் இறுகும்வரை கொத்தர்கள் வேலையை நிறுத்திவைத்திருக்க வேண்டும் என்று அவர் கருதினார்.

கணினி வட்டுகளில் ஏறி அந்த அளவுகள் அமெரிக்கா சென்றன. 2018 நவம்பரில் டாலன் காலமானார். ஐந்தே மாதத்தில், 2019 ஏப்ரல் 15 அன்று, தேவாலயக் கூரை எரிந்து கூர்கோபுரம் சாய்ந்தது.

அளவுகள் மீண்டும் பாரிஸ் வந்தன. தீக்குப் பின் எடுத்த ஸ்கேன்களை முன்பு எடுத்தவற்றோடு ஒப்பிட்டால், எந்தச் சுவர் எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்கலாம். ஆனால் புள்ளிக்குத் தன் இருப்பிடம் மட்டுமே தெரியும். தான் கல்லா மரமா என்று தெரியாது. அந்த அறிவைக் கட்டடத் தகவல் மாதிரி தருகிறது. அதில் ஒவ்வொரு உறுப்புக்கும் பொருள், காலம், சேதம், செய்த பழுது எல்லாம் பதிவாகும். பிரான்ஸின் தேசிய அறிவியல் ஆய்வு மையத்தில் லிவியோ டி லூக்காவின் குழு ஆய்வாளர்களின் தரவுகளை ஒருங்கிணைத்தது. நடுக்கூடத்தில் இடிந்து விழுந்த வளைவின் கற்கள் முதலில் கணினித்திரையில்தான் மறுபடி ஒன்றுகூடின.

கூரை மரச்சட்டத்துக்கு இன்னொரு உழைப்பு கைகொடுத்தது. கட்டடக் கலைஞர்கள் ரெமி ஃப்ரோமோன், செட்ரிக் திரென்தெசோ இருவரும் 2014-இல் உத்தரம் உத்தரமாகக் கையால் அளந்து வரைந்திருந்தார்கள். அதைப் பின்பற்றித் தச்சர்கள் ஓக் மரங்களைக் கோடரியால் செதுக்கினார்கள். 2024 டிசம்பரில் தேவாலயம் மீண்டும் திறந்தது.

எரிந்துபோன உத்தரத்தை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. பழங்கட்டடங்களைப் பொறுப்பில் வைத்திருப்பவர்கள், அவை நலமாக நிற்கும்போதே அளக்க வேண்டும். மென்பொருள் மாறும்போதெல்லாம் கோப்புகளைப் புதுப்பித்து, அடுத்து வருபவர்கள் திறந்து படிக்கும் நிலையில் வைக்கவும் வேண்டும்.