பாசெலிலிருந்து ஆய்க்குடிக்கு வந்த மாத்திரை

ஆய்க்குடிப் பக்கம் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால், வண்டி பெரும்பாலும் கிழக்கே திருநெல்வேலிக்குக் கிளம்பும். இல்லையென்றால் செங்கோட்டை, ஆரியங்காவு தாண்டித் திருவனந்தபுரத்தின் மண்டலப் புற்றுநோய் மையமான ஆர்.சி.சி.க்கு. நாள்பட்ட மைலாய்டு வகை ரத்தப் புற்றுநோய் என்றால், திரும்பி வரும்போது பையில் அநேகமாக இமாட்டினிப் என்ற மாத்திரை இருக்கும். 400 மில்லிகிராம், தினமும் ஒன்று, சாப்பாட்டோடு.

அதன் கதை 1960-இல் பிலடெல்பியாவில் தொடங்குகிறது. இந்த நோயாளிகளின் ரத்த அணுக்களில் ஒரு குரோமோசோம் மட்டும் குட்டையாக இருப்பதை நோவெல், ஹங்கர்ஃபோர்டு என்ற ஆய்வாளர்கள் இருவரும் கண்டார்கள். 1973-இல் ஜேனட் ரௌலி காரணம் சொன்னார்: 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் தங்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டிருந்தன. அந்த ஒட்டில் பிறந்ததுதான் பி.சி.ஆர்-ஏ.பி.எல் என்ற புரதம். இது ஒரு கைனேஸ், ஏ.டி.பி. மூலக்கூறிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து மற்றப் புரதங்களில் ஒட்டி, செல்லைப் பெருகச் சொல்லி முடுக்கும். வேலை முடிந்ததும் அடங்க வேண்டியது, சுவிட்ச் பழுதான பம்ப்செட்போல ஓடிக்கொண்டே இருக்கும். வெள்ளணுக்கள் கட்டுமீறும்.

சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில், சிபா-கெய்கி நிறுவனத்தின் நிக்கலஸ் லைடன், யூர்க் ஸிம்மர்மன் குழுவினர் இந்தப் புரதத்தை நிறுத்த முனைந்தார்கள். கையில் இருந்ததோ வேறொரு கைனேஸைத் தடுக்கும் சேர்மம். சரியான இடத்தில் ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்தார்கள். பழைய இலக்கு விட்டுப்போனது, பி.சி.ஆர்-ஏ.பி.எல்லின் கைனேஸ் பகுதியான ஏ.பி.எல்-மீது பிடி இறுகியது. இன்னொரு தொகுதியைச் சேர்த்ததும் நீரில் கரைந்தது, மாத்திரையாக விழுங்க முடிந்தது. ஏ.டி.பி. உட்காரும் குழியை இது பிடித்துக்கொள்ளும். ஆனால் எல்லாக் கைனேஸ்களிலும் அந்தக் குழி ஏறக்குறைய ஒன்றுதானே? 2000-இல்தான் ஜான் குரியனின் குழு படிக அமைப்பைக் கொண்டு இதற்கு விடை தந்தது: ஏ.பி.எல் ஓய்ந்திருக்கும்போது எடுக்கும் தனி வடிவத்தை மருந்து அப்படியே பூட்டிவிடுகிறது. குரியன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இளங்கலை படிக்கத் தொடங்கியவர். அவர் விளக்கும் முன்பே மருந்து நோயாளிகளிடம் போயிருந்தது. மருத்துவர் பிரையன் ட்ரக்கர் விடாப்பிடியாக நின்று 1998-இல் சோதனையைத் தொடங்கினார். 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்த 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்கள் இயல்புக்குத் திரும்பின. 2001 மே மாதம் அமெரிக்கா அனுமதித்தது.

அறிவியல் முடிந்த இடத்தில் விலை குறுக்கே நின்றது. சிபா-கெய்கி வேறொரு நிறுவனத்துடன் இணைந்து உருவான நோவார்ட்டிஸ், இமாட்டினிபை க்ளிவெக் என்ற பெயரில் விற்றது; அப்போது அதன் விலை மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்களின் அதே மருந்து அப்போது சுமார் 8,000 முதல் 10,000 வரை விற்றது. தகராறு காப்புரிமையில் வந்தது. நோவார்ட்டிஸ் 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது மருந்தின் ஒரு படிக வடிவத்துக்காக. அந்த அலுவலகம் 2006 ஜனவரியில் மறுத்தது. தெரிந்த மருந்தின் புதிய வடிவம் கூடுதலாகக் குணப்படுத்தினால் ஒழிய காப்புரிமை இல்லை என்கிறது சட்டத்தின் 3(டி) பிரிவு. அந்தப் பிரிவையே எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தது. அந்த மறுப்பு முழு நியாயம் என்பேன். ஸிம்மர்மனின் வேதியியல் பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் காப்புரிமை கேட்கப்பட்டது அதற்கல்ல.

இந்த மாத்திரையைச் சாப்பிடுபவர் வீட்டில் இருந்தால் ஒன்று சொல்லுங்கள்: உடம்பு தேறிவிட்டது என்று தாமாக நிறுத்தக் கூடாது. மருந்து விலகினால் அந்தப் புரதம் மறுபடி ஓடத் தொடங்கலாம். மருத்துவர் சொன்ன நாளில் பி.சி.ஆர்-ஏ.பி.எல் பரிசோதனையையும் தவறாமல் செய்துகொள்ள வேண்டும்.