சட்டைக்கும் தடை இருந்தது!

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் துணிக்கடைகளிலே கூட்டம் நெரிகிறது. பள்ளிச் சட்டை வேண்டும். ஆண்டு முழுவதும் தாங்க வேண்டும். விலையும் கைக்கு அடங்க வேண்டும். இவ்வளவையும் ஒரே துணியிலே தேடுகின்றனர் தாய்மார். கடைக்காரர் விரித்துப் போடுகிறார். கசக்கிப் பார்க்கின்றனர், வெளிச்சத்திலே தூக்கிப் பிடித்துப் பார்க்கின்றனர், விலையைக் கேட்டதும் மடித்து வைத்துவிடுகின்றனர். இந்தச் சிறு துணியிலே வரலாறு எங்கே இருக்கிறது என்று கேட்கக் கூடும். இருக்கிறது, தோழர்களே! குடிசைகள் எரிந்த வரலாறே இருக்கிறது.

1930 டிசம்பர். இராமநாதபுரம் மாவட்டம். ஆதிதிராவிட மக்கள் இன்னின்ன செய்யலாகாது என்று எட்டுத் தடைகளை விதித்தனர், அங்கே ஆதிக்கம் செலுத்திய சாதியினர். ஆடவர் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் எதுவும் உடலிலே ஏறக் கூடாது. குடை கூடாது, காலிலே செருப்புக் கூடாது. பெண்டிர் மார்பை மறைக்கவும் கூடாது! மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, கால்நடைகள் கொள்ளை போயின. அத்துடன் ஆத்திரம் அடங்கிற்றா? இல்லை. 1931 ஜூனில் எட்டு, பதினொன்றாக வளர்ந்தது. புதிய பட்டியலிலே இரு விதிகள்: அவர்தம் பிள்ளைகள் எழுத்தறிவு பெறலாகாது, மாடு மேய்க்கவே அனுப்பப்பட வேண்டும்! 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் என்னும் ஆங்கில அதிகாரி, இந்தியச் சாதிகளைப் பற்றி எழுதிய நூலிலே இதைப் பதிவு செய்துள்ளார்.

முதலிலே சட்டையைத் தடுத்தனர். ஆறே திங்களில் சிலேட்டையும் தடுத்தனர். இரண்டும் உறவுடையவை என்பதை நம்மைவிட நன்றாக உணர்ந்திருந்தனர் போலும்! சட்டை அணிந்தவன் நிமிர்ந்து நிற்பான், நிமிர்ந்தவன் படிப்பான், படித்தவன் கேள்வி கேட்பான் என்ற அச்சம் அவர்களுக்கு.

இராமநாதபுரத்துக்கு முன்னரே தெற்கே திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் தோளை மறைக்கும் உரிமைக்காக ஏறத்தாழ அரை நூற்றாண்டு போராடினர். 1859ஆம் ஆண்டு ஜூலையில்தான் மன்னரின் அறிக்கை வந்தது. அதுவும் அரைகுறை: மேல்சாதிப் பெண்டிர் உடுத்துவது போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையுடன்!

மேலை நாட்டிலே கதை தலைகீழ். 1552இல் இலண்டன் நகரிலே ஏழைப் பிள்ளைகளுக்காகக் கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் என்னும் பள்ளி தோன்றிற்று. நீண்ட நீல அங்கி, மஞ்சள் காலுறை. அந்நாளில் நீலச் சாயம் மலிவு என்பர். பின்னர் எழுந்த அறப்பள்ளிகள் பலவும் அதே வழியிலே நீலமும் பச்சையும் சாம்பலுமாக உடை கொடுத்தன. இவன் பிறர் தயவிலே படிப்பவன் என்று தெரு முழுவதும் அறிவிக்கும் முத்திரையாக இருந்தது அந்த உடை! பத்தொன்பதாம் நூற்றாண்டிலே செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் பள்ளிகள் தமக்கெனத் தனிச் சீருடை வகுத்துக்கொண்ட பிறகு, அதே சீருடை பெருமைச் சின்னமாகிவிட்டது. ஏழைக்கு அணிவித்தால் இழிவு, செல்வன் அணிந்தால் சிறப்பு! துணி என்ன பாவம் செய்தது?

தமிழகத்தில் சீருடை வேறு நோக்கத்துடன் வந்தது. காமராசர் முதலமைச்சராக இருந்த நாளில், 1956இல் மதிய உணவு பரவியது. அதை அடுத்து, கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். ஊர் மக்களே பொருள் கொடுத்தனர். கரும்பலகை வந்தது, பெஞ்சு வந்தது, பிள்ளைகளுக்குச் சீருடையும் வந்தது. பண்ணையார் மகனும் பண்ணையாள் மகனும் ஒரே நிறச் சட்டையில் ஒரே வரிசையில் நின்றால், எவன் எவன் என்று ஆசிரியர் கண்ணுக்கே உடனே தெரியாது. அதுதானே வேண்டும்! 1985 முதல் சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு அரசே விலையின்றிச் சீருடை தரலாயிற்று. 2012-13ஆம் கல்வியாண்டு முதல் ஆண்டுக்கு நான்கு இணை. துணி கூட்டுறவு நெசவாளரிடமிருந்து. தைப்பது மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள்.

நான்கு இணை ஏன் என்று ஏளனம் பேசுவோரும் உளர். ஒரே சட்டை உடைய பிள்ளையின் வீட்டை அவர்கள் கண்டதில்லை. மாலையிலே துவைத்து, இரவெல்லாம் கொடியிலே கிடந்தும் ஈரம் காயாமல், காலையிலே அப்படியே மாட்டிக்கொண்டு வருகிற பிள்ளைகளை நாம் வகுப்பிலே கண்டிருக்கிறோம். மழைக்காலத்திலே சில பிள்ளைகள் வருவதே இல்லை. வருகைப் பதிவேட்டிலே அது வெறும் சுழி!

இவ்விடத்திலேதான் அறிவியல் கைகொடுத்தது. 1941இல் மான்செஸ்டரைச் சேர்ந்த ஒரு துணி அச்சுக் கழகத்தின் ஆய்வுக்கூடத்திலே வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவர் டெரிலின் இழையைக் கண்டனர். தண்ணீரை உறிஞ்சாத இழை. ஆகவே விரைவிலே உலரும், சுருங்காது, எளிதில் கிழியாது. ஆனால் வியர்வையையும் உறிஞ்சாது! நம் வெயிலிலே தனி டெரிலின் சட்டை அணிந்த பிள்ளை அவிந்து போகும். ஆகவே பருத்தியைக் கலந்தனர். பாலியெஸ்டர் 67, பருத்தி 33 என்னும் கலவை பள்ளிச் சட்டைகளிலே பெரிதும் வழங்குவது இதனால்தான். மென்மைக்கும் காற்றோட்டத்துக்கும் தூய பருத்தியே மேல். ஆயினும் முதல் சலவையிலே சுருங்கும். தைக்கத் தருமுன் நனைத்து உலர்த்திவிட வேண்டும்.

துணி நல்லதானால் மட்டும் போதாது. சட்டை நடுவிலே கிழிவது அருமை. காலர் மடிப்பிலே நைகிறது, அக்குளிலே பிரிகிறது, சட்டைப்பையின் மூலையிலே பிய்கிறது. வாங்குவோர் உட்புறத்தைத் திருப்பிப் பார்க்கட்டும். இரட்டைத் தையல் உண்டா? பையின் மூலையிலே கெட்டித் தையல் போட்டிருக்கிறதா? கீழ்மடிப்பிலே பிரித்து இறக்க இரண்டு விரல் துணி இருக்கிறதா? வளர்கிற பிள்ளை என்று தோளையும் அகலமாக வாங்குவது பழக்கம். தோள் சரியாகவும் நீளம் சற்று மிகையாகவும் இருப்பதே நலம்.

இவ்வளவும் தெரிந்த பெற்றோருக்கும் தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லாவிடத்தும் இல்லை. தனியார் பள்ளிகள் சில, தாம் காட்டும் கடையிலேதான் வாங்க வேண்டும் என்கின்றன. கட்டம் போட்ட துணி, வேறெங்கும் கிடைக்காத நிறம், பையிலே பின்னிய சின்னம். மூன்றாண்டுக்கொரு முறை மாற்றமும் உண்டு! அண்ணன் சட்டை தம்பிக்கு உதவாது. சட்டை போடாதே என்றது அன்றைய ஆதிக்கம். நான் விற்கும் சட்டையைத்தான் போட வேண்டும் என்கிறது இன்றைய வாணிகம். பெற்றோர் கூட்டத்திலே எழுந்து கேட்கலாமே: சின்னத்தை மட்டும் தனித்துணியிலே பின்னி விற்கட்டும், பையிலே நாம் தைத்துக்கொள்கிறோம், சட்டையை எங்கே வாங்குவது என்பதை எங்களிடம் விடட்டும் என்று.